லாரி டியூபில் வந்த எரிவாயு

1994 ஜனவரி, ஒரு வியாழக்கிழமை. காலை 6.10க்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். மாநில எல்லையான களியக்காவிளையோடு அந்த பஸ் நின்றுவிடும். செக்போஸ்டை நடந்தே கடந்து, கேரள பஸ்ஸில் பாறசாலை, அங்கிருந்து இன்னொன்றில் வெள்ளறடை. என் பையில் இருந்தவை: அரை அங்குல வால்வு ஒன்று, தகரத்தில் செய்த இணைப்புக் குழாய், இரண்டு மீட்டர் ஹோஸ், ஸ்பானர்கள், லிட்மஸ் தாள். பெட்ரோல் இஞ்சினைச் சாண எரிவாயுவில் ஓடும்படி மாற்றித் தருவது என் வேலை; அதற்கு இவ்வளவுதான் வேண்டும். நல்ல எரிவாயுவும் வேண்டும்.

8.40: வெள்ளறடை. ஆட்டோ ஓட்டுநர் ஸ்டீபன் நான் இடத்தைச் சொல்லும் முன்பே வண்டியைக் கிளப்பினார்.

"கமலம் அக்கா வீடு ஆக்கும், இல்லியா மேடம்? மாட்டைக் கொண்டு மோட்டார் ஓட்டப் போறாளாம்னு அவுங்க வீட்டுக்காரருதான் ஜங்ஷன்ல சொல்லிச் சிரிக்காரு."

9.00: ரப்பர் சரிவுக்குக் கீழே இருநூறு ஏத்தன் வாழை, ஒரு கிணறு, ஒன்றரைக் குதிரைத்திறன் பெட்ரோல் பம்பு. தோட்டத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. வீட்டருகே சாண எரிவாயுத் தொட்டியும் இரண்டு பசுக்களும். கமலம் அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். அவர் கணவர் சுகுமாரன் நிபந்தனையை நேராகவே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம மாட்டுத் தரகர் வாறாரு. அதுக்குள்ள இஞ்சின் கேஸ்ல ஓடினா மாடு இங்க நிக்கும். இல்லன்னா ரெண்டும் போவும்."

"அதுக போனா இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளு உண்டா மக்கா?" என்றார் அக்கா, என்னிடம்.

காற்று வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே குழாயைப் பொருத்தினேன். பெட்ரோலில் இஞ்சின் உடனே கிளம்பியது. பெட்ரோலை அடைத்து எரிவாயு வால்வைத் திறந்தேன். இருமி நின்றுவிட்டது. மூன்று முறையும் அப்படித்தான். சமையலறை அடுப்புக் குழாயில் தீக்குச்சியை நீட்டினேன், குச்சிதான் அணைந்தது.

"ஒரு மாசமா இப்பிடித்தான், வெறகுதான் எரிக்கேன்" என்றார் அக்கா.

தொட்டிக் கலவையில் லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது. சாணத்தில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தண்ணி. காலத்த எந்திச்சு இவருதான் கலக்குவாரு."

சுகுமாரன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ரப்பர் ஷீட் அடிச்சு மிஞ்சுற தண்ணி சும்மாத்தானே போவுது…"

ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் சேர்ப்பார்கள். அந்தப் புளித்த தண்ணீரை நாள்தோறும் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். எரியும் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதில் செத்துப்போக, தீயை அணைக்கும் வாயுதான் மிச்சம்.

"கெணத்துல தண்ணி இல்லியா?" அக்கா சீறினார்.

"கோரிக் கோரி உனக்குத் தோளு வலிக்குன்னுதான்."

"நான் எப்பம் சொன்னேன்?"

"முழிச்சிருக்கும்போ நீ சொல்லுவியா? ஒறக்கத்துல மொனங்கின."

அக்கா திட்ட வாய் திறந்தார். பிறகு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

மருந்து எளிது. புளித்த தண்ணீரை நிறுத்த வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நன்றாக எரியும் வேறொரு தொட்டியிலிருந்து இரண்டு வாளிக் கலவை ஊற்ற வேண்டும். பதினைந்து, இருபது நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்கோ மூன்று நாள்தான் இருந்தது.

"எங்க வீட்டுலயும் தொட்டி உண்டு, நல்லா எரியும்" என்றார், போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீபன். "ஆனா கேஸை எதுல அள்ளிட்டு வர?"

லாரி டியூபில் அள்ளலாம் என்றேன்.

11.30: ஜங்ஷன் டயர் கடையில் ஒரு பழைய டியூப் இரவல் கிடைத்தது. காற்றை நசுக்கி வெளியேற்றி, ஸ்டீபன் வீட்டுத் தொட்டிக் குழாயில் மாட்டினோம். அது உப்ப முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு வாளிக் கலவை என் காலடியில், டியூப் ஆட்டோவின் கூரையில். திரும்பும் வழியில் டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "எலே ஸ்டீபா, பூவாறு கடல்ல நீந்தவா போற?"

1.15: கலவையைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, டியூபை இஞ்சினோடு இணைத்தேன். வாயுவைத் தள்ள அழுத்தம் வேண்டும்.

"கனமான ஆளு யாராவது இதுமேல உக்காரணும்" என்றேன்.

அக்கா கணவரைப் பார்த்தார். சுகுமாரன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் கையிலிருந்த பீடியை ஸ்டீபன் பிடுங்கிக்கொண்டு தூரப் போனதும், டியூபின் மேல் உட்கார்ந்தார். பெட்ரோலில் கிளப்பினேன்; பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றி எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன். இஞ்சின் தடுமாறியது. வால்வைக் கால் சுற்று திறந்தேன். சத்தம் சீரானது. வாழை வரிசைக்குள் தண்ணீர் ஓடியது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகி, மண்வெட்டியோடு அதன் பின்னால் ஓடினார்.

ஆறு நிமிடம் இருபது வினாடி. டியூப் தட்டையாகிவிட்டது. அண்ணன் எழவில்லை.

"மேடம், நம்ம தொட்டி நேரானா இதுபோல ஓடுமா?"

"சுண்ணாம்பையும் கெணத்துத் தண்ணியையும் ஊத்தினா ஓடும் அண்ணே. தண்ணிய யாரு கோருவா?"

"நான் கோருவேன்."

3.30: ஆட்டோவில் அண்ணனும் என்னோடு ஏறினார். தரகர் வீடு பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில்தான். எங்கள் ஊரில் பம்பு நின்றால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவோம். யார் தோள் வலிக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தரகரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

தரகர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. "மாடு ரெண்டுக்கும் வேலை கெடச்சாச்சுன்னு சொல்லுவேன்" என்று அண்ணன் இறங்கிப் போனார்.