மூக்குத்தி போட்ட வண்டிக்காரர்

திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் இறங்கினால் நான் தேடி ஏறுவது அவருடைய குதிரைவண்டியில்தான். அறுபது வயது, கிடா மீசை. அந்த மீசைக்கு மேலே சிவப்புக்கல் மூக்குத்தி! சவுக்கை எடுக்குமுன் அதை ஒருமுறை தொட்டுக்கொள்வார். ஒருநாள் காரணம் கேட்டே விட்டேன்.

“எனக்கு முன்னால பொறந்த மூணு ஆம்பளைப் புள்ளையும் தங்கலைங்கய்யா. நானாவது தங்கணும்னு ஆத்தா மூக்கைக் குத்தி, மூக்கன்னு பேரு வச்சுச்சு. எமன் வந்து பார்த்தா, பொட்டப்புள்ளைன்னு நெனச்சு ஏமாந்து போயிருவான்ல?”

“அதான் பேரன் பேத்தி எடுத்தாச்சே பெரியவரே, இன்னும் எதுக்கு மூக்குத்தி?”

“ஏமாந்தது அவனுக்குத் தெரிய வேணாமாங்கய்யா?” என்று மீசையை முறுக்கினார்.

கோயில் வாசல்வரை அவர் சிரிப்பு ஓயவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நானும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.