பாக்குக்கு விழுந்த வெயில்

கெலிஓயாவில் பாக்கு வியாபாரி முனாபின் வீட்டுப் பின்முற்றத்தில் விழுந்த வெயில் மாதிரி நான் வேறெங்கும் கண்டதில்லை. காலையிலிருந்து அந்திவரை அங்கே நிழல் தட்டாது. அத்தனையும் பாக்குக்கு. முனாபின் பெண்சாதி றலியா, என் உம்மாவின் தங்கையான சாச்சியின் மகள், அதில் ஒரு துளியும் அனுபவித்தவள் அல்ல.

முற்றத்தில் காயப்போட்ட பாக்கைக் கிளறும் ஆட்கள் பகல் முழுக்க நின்றார்கள். முன்னால் கடை. இரண்டு பக்கமும் அந்நிய ஆண்கள் நின்றால் நடுவில் இருக்கிற பெண் எங்கே போவாள்? குசினிக்கும் அறைக்குமாக நடந்தாள். அக்குறணையில் எங்கள் வீட்டுப் பெண்களும் தெருவில் இறங்குகிறவர்கள் அல்ல. ஆனால் எங்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு நடுமுற்றம் இருந்தது. அங்கே தலை காய வைத்தோம், அரிசி புடைத்தோம். அவளுக்கு அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அவளுக்கு இடுப்பும் தொடையும் வலிக்கத் தொடங்கின. பாயிலிருந்து எழும்பச் சுவரைப் பிடித்தாள். நடந்தால் தாரா வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்தாள். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

முனாபின் மூத்த சகோதரி றம்லத், புருஷன் மவுத்தாகித் தனித்த பிறகு அந்த வீட்டோடு வந்திருந்தவர், "இது வாதக் காத்து" என்றார். காற்றுப் புகாமல் ஜன்னலை அடைத்தார். மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்தினார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. விடிய விடிய அவள் காலைப் பிடித்துவிட்டதும் அவர்தான். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த வருஷம், முனாப் அவளைத் திரை கட்டிய வண்டியில் ஏற்றிக் கண்டிக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் அவளுடைய கீழ்க்கால் எலும்பை விரலால் லேசாக அழுத்தினார். றலியா அலறிவிட்டாள்.

"எலும்பு இளகிப்போச்சு. தினமும் வெயில் உடம்பில படவேணும். பாலும் முட்டையும் குடுங்க. இந்த மீனெண்ணெய் காலையும் மாலையும் ஒரு கரண்டி" என்றார் டாக்டர்.

நான் அக்குறணைக்குத் திரும்பிவிட்டேன். வலிக்கு எண்ணெய் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பூசுகிற எண்ணெய்தான். றம்லத் காலையும் மாலையும் கரண்டியில் அளந்து, தவறாமல் அவள் முழங்காலில் தேய்த்திருக்கிறார். தெருப்பூனையெல்லாம் வாசலில் வந்து கிடந்ததாம். எனக்குத் தெரியவந்தபோது போத்தல் காலி.

வெயில் மட்டும் கிடைத்தது. முற்றத்து மூலையில் முனாப் தென்னங்கிடுகால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தார். அதற்குள் றலியா கையும் காலும் வெயிலில் பட உட்கார்ந்தாள். சில மாதங்களில் சுவரைப் பிடிக்காமல் எழும்பினாள்.

"ராத்தா, குசினி வரைக்கும் தனிய நடந்து போன நான். அந்த மூல போதும் எனக்கு, வேறொண்டும் வாணாம்" என்று பார்க்கப் போன என்னிடம் அவள் சொன்னபோது முகம் மலர்ந்திருந்தது. நானும் நம்பினேன்.

அடுத்த போகத்தில் பாக்கு மலையாகக் குவிந்தது. மழையும் கட்டிக்கொண்டு நின்றது. பாக்குப் பரப்ப இடம் வேண்டி முனாப் மறைப்பைப் பிரித்தார்.

"இஞ்ச பாருங்க, அந்த மூலய மட்டும் உடுங்களே" என்று கெஞ்சினாள்.

"கொஞ்ச நாளைக்குத்தானே புள்ள. பாக்கு பூஞ்சணம் புடிச்சா என்ன செய்யிற?"

பாக்குக்குப் பிறகு மிளகு வந்தது. மிளகுக்குப் பிறகு கிராம்பு. கிடுகு மாட்டுக்கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் திரும்பக் கேட்கவில்லை.

கடைசியாக நான் போனபோது அவள் படுத்த படுக்கை. திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பாக்குக் கிளறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூத்தவள் கைரியா, சின்னதில் அந்த முற்றத்தில் ஓடித்திரிந்தவள், பெரியபிள்ளையானதிலிருந்து உம்மாவோடு அறைக்குள்ளேயே இருந்தாள். நாவலப்பிட்டியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் பாயிலிருந்து எழும்பியவள் சுவரைப் பிடித்தாள்.

"என்ன புள்ள?" என்றேன்.

"ஒண்டுமில்ல பெரியும்மா. தொடை கொஞ்சம் உளையுது."

றலியா மகளைப் பார்த்தாள். எழும்பப் பார்த்தாள், ஏலவில்லை. றம்லத்தான் எழுந்தார். ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, எண்ணெய் சூடாக்கக் குசினிக்குப் போனார்.