கயிறு பிடிக்கிறவள்

மனக்கஷ்டம் கேட்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் முதலில் படிக்க வேண்டியது, ஆறுதல் சொல்லாமல் இருப்பது. இதையாவது சரியாகச் சொன்னேனா, தெரியவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றாகிவிடுமோ என்று எப்போதும் பயம். அடுத்தவர் கவலையைக் கேட்டதும் புத்தி சொல்ல வாய் அரிக்கிற உங்களைப் போன்றவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். பேர்களை மாற்றிவிட்டேன், அதுவும் பயம்தான்.

எழுபதுகளில் தூத்துக்குடியில், மாதா கோயிலை ஒட்டிய ஓர் அறையில் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர், மனக்கஷ்டத்தோடு வரும் ஆட்களைப் பார்ப்பார். கதவு திறப்பது, காப்பி கொடுப்பது, துணைக்கு உட்காருவது என் வேலை.

நண்டுக் கறி

உடைந்தது எது என்று வருகிறவர்களுக்கே தெரியும், உடையாமல் இருப்பது எது என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திரு என்பார் சிஸ்டர். எனக்கு முதல் பாதி மட்டும் பிடிபட்டது.

மில்லர்புரத்திலிருந்து வந்த ஒரு பெண், தான் ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று அழுதாள். நீ எதை நல்லாச் செய்வாய் என்று கேட்டேன். நண்டுக் கறி என்றாள். தேங்காயை வறுத்து அரைப்பாயா, பச்சையாகவா? மிளகு எவ்வளவு? அரை மணி நேரம் போயிற்று. அழுகை நின்றதில் எனக்குப் பெருமை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"வந்த விஷயத்தச் சொல்லலாமாக்கா, இல்ல ரசமும் சொல்லணுமா?"

சாகுபுரத்து வேலை

சிஸ்டர் இரண்டு வாரம் மதுரைக்குப் போயிருந்தபோதுதான் சவரிமுத்துவை அவர் மனைவி ரோசம்மாள் கூட்டிவந்தாள். இடுப்பில் கயிறு கட்டிக் கடலடிக்கு இறங்கிச் சங்கு எடுப்பவர். போன தடவை அடியில் கால் சிக்கி, மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தவர், அதன்பிறகு கரையில் கால் நனைக்கவும் மாட்டேன் என்கிறார். பத்து நாளில் சங்கு குளிப்பு தொடங்குகிறது. போகாவிட்டால் படகில் அவர் இடம் வேறொருவருக்கு.

போ என்று நான் சொல்லி, இறங்கினவர் ஏறாவிட்டால்? அவரைப் பேசவே விடவில்லை. சாகுபுரம் ஃபேக்டரியில் வாட்ச்மேன் வேலை, இல்லாவிட்டால் ஒரு பெட்டிக்கடை, அதுவும் சரிவராவிட்டால் கருவாட்டு வியாபாரம் என்று அடுக்கினேன். ரோசம்மாள் எழுந்தாள்.

"சிஸ்டர்னா கேள்வி கேப்பாங்க. நீங்க வேல தேடிக் குடுக்கீங்க."

இரண்டு இழுப்பு

மறுநாளும் வந்தார்கள், அவர்கள் நல்ல மனசு. இந்த முறை கேள்வியைக் கேட்டேன்: அன்றைக்கு நீங்கள் சரியாகச் செய்தது என்ன? ஒன்றுமில்லை, மச்சான்தான் இழுத்தான் என்றார். புத்தி சொல்ல எனக்கு வாய் திறந்துவிட்டது. காப்பிக்கு வைத்திருந்த கருப்பட்டி டப்பாவிலிருந்து பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டு அடைத்தேன்.

அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். கால் சிக்கியதும் உதறவில்லை. குனிந்து, கல் இடுக்கிலிருந்து காலைத் திருப்பி எடுத்து, பிறகு மேலே தூக்கு என்பதற்கு அடையாளமாகக் கயிற்றை இரண்டு தரம் இழுத்திருக்கிறார். படகில் கயிறு பிடித்தது ரோசம்மாளின் தம்பி. அது அவர்கள் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்துப் பிடிக்கிறவன் கை தளராது. அந்த மச்சான் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அவனோடு பேச்சையே விட்டிருந்தார். கருப்பட்டி பாதி கரைவதற்குள், அப்போ பயத்திலயும் எனக்குப் புத்தி வேலை செஞ்சிருக்கு என்று அவரே சொன்னார்.

நான் அவசரமாக விழுங்கிவிட்டு, கேட்கவே எனக்கு மூச்சு முட்டுகிறது, எதற்கும் போகாதீர்கள் என்றேன். மனிதர் முதல்தடவையாகச் சிரித்தார்.

"யக்கா, கயிறு பிடிக்கிறவன் மேலதான் இருக்கணும். நீங்களும் கூட முங்கினா யாரு இழுக்க?"

டப்பா

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார். முதலில் இடுப்பளவு தண்ணீர், பிறகு ஓராள் ஆழம் என்று இருவரும் பழகினார்கள். குளிப்பு தொடங்கிய நாள், நான் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. மூன்று மணிக்கு ரோசம்மாள் வாசலில் நின்றாள், கையில் ஈரம் காயாத ஒரு சங்கு. ஏறிவிட்டார்.

மதுரையிலிருந்து திரும்பி வந்த சிஸ்டர், சவரிமுத்துவிடம் என்னதான் சொன்னாய் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, வாயில் கருப்பட்டி இருந்தது என்றேன்.

"அப்போ அந்த டப்பாவ மேசை மேலயே வை."

அதிலிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டால் முதலில் வாயில் ஒரு துண்டு, பிறகுதான் தாழ்ப்பாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தேறிப் போனார்கள், என் கடைவாய்ப் பல் இரண்டுதான் தேறவில்லை.