பெரிய குண்டா, சின்னக் குண்டா?

வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பவனுக்குச் சுடுகிற வேலை கிடையாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற வேலைதான். காவலுக்கு நிற்கும் சக தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா? பேனா இருக்கிறதா, மேனேஜர் வந்துவிட்டாரா என்று ஆரம்பிப்பார்கள். நாம் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், உலகத்துச் சண்டைக்கெல்லாம் நாம்தான் பொறுப்பு.

நான் காலாட்படையில் இருபத்துநான்கு வருடம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் ஆயுதக் கிடங்கில். இப்போது பரமத்தி வேலூரில் வங்கி வாசல். என் மகன் என்னுடைய பழைய பட்டாலியனிலேயே சேர்ந்து, எல்லையில் ஒரு மலைமேல் நிற்கிறான். போன மாதம் போனில் ஒரு சேதி சொன்னான். அவன் பிரிவில் பாதிப் பேருக்குப் பெரிய குண்டு போடுகிற புதுத் துப்பாக்கி வந்துவிட்டதாம். மீதிப் பேரிடம் பழைய சின்னக் குண்டுதானாம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நின்றுகொண்டே இருக்கிறேன். வங்கியில் எனக்கென்று போட்ட நாற்காலி புதுக்கருக்கு மாறாமல் அப்படியே கிடக்கிறது.

வெற்றிலைக்காரர்

பாஸ்புக் பதிகிற மெஷின் அன்றைக்குப் பழுது. வரிசையில் நின்று அலுத்துப்போன வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் நேராக என்னிடம் வந்துவிட்டார். கையில் செல்போன், அதில் ஏதோ வெளிநாட்டுப் படை புது அளவுக் குண்டுக்கு மாறுகிற வீடியோ. நம் ஆட்களும் மாறிவிடலாமா என்று கேட்டார், நான் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே மாற்றிவிடுவார்கள் என்பதுபோல.

விவரமாகவே சொன்னேன். சின்னக் குண்டு இலேசு. ஒரு பெரிய குண்டின் எடைக்குச் சின்னதில் இரண்டு தூக்கலாம். ஆனால் இப்போது எதிரி மார்புக் கவசம் போட்டுக்கொண்டு தூரத்தில் நிற்கிறான், பெரியதுதான் போய்ச் சேரும். நான் சேர்ந்த புதிதில் பெரியதை விட்டுச் சின்னதுக்கு மாறினோம். இப்போது மறுபடி பெரியது. வெளிநாட்டிலோ இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "பெருசா சின்னதான்னு பேசறவன் ஒருத்தன், தூக்கிட்டு நடக்கறவன் ஒருத்தனுங்க. எங்க வெத்தலச் சுமையும் அப்புடித்தானுங்க."

மணல் பை

தூக்கிட்டு நடக்கறவன் என்று அவர் சொன்னது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் ஆற்று மணலை அள்ளினேன். முன்பு என் இடுப்பில் இருந்த அதே எண்ணிக்கைக் குண்டுகள், ஆனால் பெரிய அளவில் இருந்தால் என்ன எடையோ அந்த எடைக்கு நிரப்பி, மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தேன். பாலம் வருவதற்குள் முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது. மகன் இதே எடையோடு மலையேற வேண்டும், மேலே போனால் மூச்சுக்குக் காற்றும் கிடையாது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் குண்டைக் குறைக்க வேண்டும். குண்டு தீர்ந்தால் பக்கத்தில் நிற்பவனிடம் வாங்கவும் முடியாது, அவனுடையது வேறு அளவு.

நான்கு நாள் இப்படி நடந்தேன். ஐந்தாம் நாள் என் மனைவி பையைப் பிடுங்கி மணலை வாசலில் கொட்டிவிட்டாள். அவளுக்கும் தூக்கமில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஏனுங்க, நீங்க தூக்கினா அவனுக்குக் கொறஞ்சுருமுங்களா?" என்றாள்.

ரிக் வண்டிக்காரர்

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர் ஒருவர் மேனேஜருக்காகக் காத்திருந்தார். என் நாற்காலியில்தான். யாராவது உட்காரட்டுமே என்று நானே கொடுத்தேன். இந்தத் தடவை பேச்சை ஆரம்பித்தது நான். அந்த அளவுக்கு முற்றிவிட்டது. ஒரே பிரிவில் இரண்டு அளவுக் குண்டு என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர்களும் ஒரு காலத்தில் நாலரை இஞ்சிலிருந்து ஆறரை இஞ்சுக் குழிக்கு மாறினார்களாம். துளை போடுகிற பிட்டை மாற்றியதோடு வேலை முடியவில்லை. அதை அடிக்கிற ஹேமர், குழிக்குள் இறக்குகிற பைப் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. நடுவில் ஒரு நாள் வண்டி ஒருத்தர் காட்டுக்கும் பைப் இன்னொருத்தர் காட்டுக்கும் போய்விட்டதாம். "பெரிய குழி நல்லதுதானுங்க. ஆனா மாத்தி முடிக்கற வரைக்கும் ரெண்டும் கெட்டானுங்க, அப்பத்தான் சூதானமா இருக்கோணும்" என்றார்.

கனமான பெட்டி

அவர் சொன்னது எனக்குத் தெரியாததில்லை. இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். பெரியதிலிருந்து சின்னதுக்கு மாறிய காலத்தில் கிடங்கில் இரண்டு அளவுப் பெட்டிகளும் இருந்தன. ஒரு விடியற்காலை, மலைமேல் இருந்த காவல் போஸ்ட்டுக்குப் போகும் கோவேறு கழுதையில் ஏற்ற ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மேலே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. வழக்கமாகச் சின்னக் குண்டு இருக்கிற இடத்தைப் பார்த்து எடுத்தேன். முந்தின நாள்தான் அடுக்கை மாற்றியிருந்தோம்.

மேலே ஆறு பேர். அவர்கள் கையில் இருந்ததெல்லாம் சின்னக் குண்டுத் துப்பாக்கி, போனதெல்லாம் பெரிய குண்டு. மறு கழுதை போய்ச் சேர ஒன்றரை நாள் ஆனது. இடுப்பில் மிச்சமிருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நல்லவேளை, எதிரில் யாரும் வரவில்லை. எனக்குத் தண்டனை கிடைத்தது, அது எனக்கு உறைக்கவில்லை. கீழே இறங்கி வந்த ஆத்தூர்க்காரத் தம்பி கோபமே இல்லாமல் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது: "பெட்டி நல்லா கனமா இருந்துச்சுண்ணே. நமக்குன்னு கூடவே வெச்சு அனுப்பியிருக்கீங்கன்னு சந்தோஷப்பட்டோம்."

மதியம் ஒரு மணி

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மகன் கூப்பிட்டான். ஏடிஎம் அறைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எல்லோருக்கும் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். இன்னும் பாதிதான் என்றான். பெட்டி வந்தால் யார் வாங்குவது என்றேன். இவன்தானாம். அதற்குமேல் தாங்கவில்லை. முன்பு ஒருத்தன் பெட்டியை மாற்றி மேலே அனுப்பினான், அது வேறு யாருமில்லை, நான்தான் சாமி என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் மறைத்து வைத்தது ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது, கேஷியர் பார்த்திருப்பார்.

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது கேட்டது.

"தெரியுமுங்கப்பா. இங்க இன்னமும் உங்க பேரச் சொல்லித்தான் பொட்டியத் தொறந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

எந்த அளவுக் குண்டு நல்லது என்று இனி யார் கேட்டாலும் திறந்து பார்த்த குண்டுதான் நல்லது என்று சொல்வதாக இருக்கிறேன், அதையும் அவன் பிரிவில் எல்லோருக்கும் ஒரே குண்டு வந்து சேரும்வரை நின்றுகொண்டேதான் சொல்வேன்.