பதினெட்டுக் கிளைகள்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவருக்குப் பூச்சியக்கா என்றுதான் பெயர். இருபது வருடமாக அடுத்தவர் வயிற்றுப் புழுக்களுக்குக் குலம் கோத்திரம் கண்டுபிடிப்பவர். "உங்க புழு நல்ல குடும்பம்தான், பயப்படாதீங்க" என்று நோயாளியிடமே கிண்டலடிப்பார். எனக்கு அது பிடிக்காது. சொன்னதில்லை, யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அன்று அவருடைய தம்பியே ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். உள்ளே அவர் மலத்தோடு வந்த, நாடாவை நறுக்கியதுபோல் இரண்டு வெள்ளைத் துண்டுகள். பாட்டிலை வைத்ததும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"மூணு நாளா பாப்பாவத் தொடலக்கா. என் கையால ஊட்டினாதான் அவ சாப்பிடுவா. இப்ப..."

"வாய மூடிட்டு வெளிய உக்காரு."

மாட்டிறைச்சியில் வரும் நாடாப்புழுவின் குஞ்சு மாட்டின் உடம்பில்தான் வளரும், மனிதனுக்குள் வளராது. பன்றியிறைச்சியில் வருவதற்கு அந்தக் கறார் கிடையாது. அதன் முட்டை, புழு உள்ளவரின் அழுக்குக் கையோடு அடுத்தவர் வாய்க்குள் போனால், குஞ்சு மூளையில்கூடக் குடியேறிவிடும். தம்பியின் மகள் பாப்பாவுக்கு மூன்று வயது.

முட்டையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. துண்டுக்குள் ஊசியால் கறுப்பு மை ஏற்றி, முட்டைகள் நிறைந்த கருப்பையின் நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கமாகப் பிரியும் கிளைகளை எண்ண வேண்டும். பதின்மூன்றை நன்றாகத் தாண்டினால் மாடு. பத்துக்கும் குறைந்தால் பன்றி.

அக்கா எண்ணினார். ஒன்பது. மறுபடியும் ஒன்பது. அவர் முகம் வெளுத்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். துண்டின் மேல்பாதியில் மையே இல்லை. பதற்றத்தில் ஊசியைச் சீக்கிரம் உருவியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களை இதற்காகத்தான் அவர் வறுத்தெடுப்பார்.

"அக்கா, மை பாதிதான் ஏறியிருக்கு."

முறைத்தார். பிறகு அடுத்த துண்டை என் பக்கம் தள்ளினார். "நீ ஏத்து. என்னால முடியாது."

நிதானமாக ஏற்றினேன். அவர் வாய்விட்டு எண்ணினார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, பதினஞ்சு... பதினெட்டு. நானும் எண்ணினேன். பதினெட்டேதான். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபக்காரியாக மாறிக் கதவைத் திறந்தார்.

"மாட்டுப்புழுதான்டா. டாக்டர் மாத்திரை தருவாரு. இனிமே கறிய நல்லா வேகவெச்சுத் தின்னு."

"அப்ப பாப்பாவுக்கு..."

"ஒண்ணும் ஆகாது. கையக் கழுவிட்டுப் போய் ஊட்டு."

தம்பி எங்கள் தொட்டியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கழுவினார், மறுபடி தேய்த்தார். கடைசியில் அக்காவே போய்க் குழாயை மூடினார்.

"போதும்டா, தோல் உரிஞ்சிடும். புள்ள பசியோட இருக்கும், போ."