நர்சம்மா சும்மா கிடந்த நாட்கள்

போன வாரம் ஒரு மாத்திரை தொண்டைக்குள் இறங்காமல் நாக்கிலேயே ஒட்டிக் கரைந்துவிட்டது. வாயெல்லாம் கசப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்த மருமகள் பயந்துபோனாள். “ஏனுங்கத்தே, கசப்புக்கு யாராச்சும் சிரிப்பாங்களா?” என்றாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம். அந்தக் கசப்பு என்னை வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக்கு, கொல்லிமலைக்கு, இழுத்துக்கொண்டு போய்விட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, வாழ்க்கையில் நான் உருப்படியாக ஒன்று கற்றுக்கொண்டது அந்தக் கசப்பை வாயில் வைத்துக்கொண்டுதான்.

அதற்கு முன்னால் போர்டிங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா அம்மா இருவரையும் காலரா கொண்டுபோன பிறகு என்னை வளர்த்தது கீழ்நாட்டில், மலைக்குக் கீழே சமவெளியில், இருந்த ஒரு மிஷன் போர்டிங். அங்கே ஒரு வழக்கம். ராச்சோற்றுக்கு மணியடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்போம். சோற்றுக் குண்டானுக்குப் பக்கத்தில் போர்டிங் அம்மா கரண்டியோடு நிற்பார். ஒவ்வொருத்தியும் அன்றைக்குச் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். “சின்னப்பிள்ளைக்குத் தலை வாரிவிட்டேன்மா” என்றால் சோறு விழும். சொல்ல ஒன்றும் இல்லாதவள் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். யாரையும் பட்டினி போட்டதில்லை, அந்த அம்மாள் நல்ல மனுஷி. பிள்ளைகள் ஒழுங்காக வளரட்டும் என்றுதான் செய்தார். ஆனால் தட்டோடு கடைசிக்கு நடந்து போகிறவளின் முதுகை அத்தனை பேரும் பார்ப்பார்கள். நான் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. காரியம் ஏதும் சிக்காத நாளில் துடைப்பத்தை நானே ஒளித்துவைத்து, எல்லோரும் தேடும்போது நானே கண்டுபிடித்துக் கொடுப்பேன். அவ்வளவு கெட்டிக்காரி.

அப்படி வளர்ந்தவளுக்குக் கடவுள் எப்படித் தெரிவார்? கையில் கரண்டியோடுதான் தெரிவார். காலையில் கண் விழிக்கும்போதே, இன்றைக்குச் சாயங்காலம் என்ன சொல்லப்போகிறோம் என்று வயிற்றைக் கவ்வும். போர்டிங்கை விட்டு நர்சு வேலை படிக்கப் போன பிறகும் சாப்பாட்டு மணியடித்தால் அந்தக் கவ்வல் வந்துவிடும். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் மனசுக்குள் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன்.

படிப்பு முடிந்ததும் கொல்லிமலைக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலம். நான் உடனே சரியென்றேன். கஷ்டமான இடம், கரண்டி நிறைய விழும் என்ற ஆசைதான், வேறென்ன. இப்போது கொண்டையூசி வளைவுகளில் பஸ் சுற்றிச் சுற்றிச் சோளக்காடு என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அப்போது அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். மிஷன் துரை குதிரையில் ஏறினார், துரைசானி அம்மாள் ஆட்கள் தூக்கும் டோலியில் வந்தார். எனக்கும் ஒரு டோலி சொல்லியிருந்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று என் தகரப்பெட்டியை நானே தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் காலில் இருந்த கொப்புளங்களைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். வளப்பூர் நாட்டில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதற்குப் பின்னால் என் அறை, பக்கத்தில் புல் வேய்ந்த ஜெபவீடு. அங்கே நான் ஓடின ஓட்டத்தை இப்போது நினைத்தால் மூச்சு வாங்குகிறது. புண் கழுவுவேன், கண்ணுக்கு மருந்து விடுவேன், பிரசவத்துக்குப் போவேன், கம்பவுண்டர் கூட்டின வாசலை மறுபடியும் கூட்டுவேன். “நீங்களே எல்லாத்தையும் செஞ்சு போட்டா நான் எதுக்குங்க சம்பளம் வாங்கறது?” என்று அந்த மனிதர் நொந்துகொள்வார்.

காய்ச்சலுக்குக் கொயினா மருந்துதான். அதன் கசப்பைச் சொல்லி மாளாது. குடித்தவர் நாலு வீடு தள்ளிப் போய்க் காறித் துப்புவார். குழந்தைகள் வாயைத் திறக்காது. நான் மூக்கைப் பிடித்துவிடுவேன். மூச்சுக்கு வாய் திறந்ததும் ஊற்றிவிடுவேன். ‘மூக்குப் பிடிக்கிற நர்சம்மா’ என்றுதான் எனக்கு அந்த நாட்டில் பெயர்.

சாயங்காலம் பலாமரத்தடியில் வேதபாடம். மரத்தில் ஓர் ஆணி, அதில் படச்சுருளை மாட்டிவிட்டு நான் பேசுவேன். ரட்சிப்பு நாம் செய்யும் நல்ல காரியங்களுக்குக் கிடைக்கும் கூலி இல்லை, தேவன் கிருபையாகக் கொடுப்பது, நம்பி வாங்கிக்கொண்டால் போதும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். சடையன் என்று ஒரு விவசாயி, சாமைக்காட்டு வேலை முடிந்து வந்து முன்னால் உட்காருவார். “ஏனுங் நர்சம்மா, எங்க சாமி கோழி கேக்குது, கெடா கேக்குது. ஒண்ணுமே கேக்காத சாமிய எப்படீங்க நம்பறது?” என்பார். “நம்பணும்” என்று சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பிவிடுவேன். எனக்கு வேலை கிடந்தது.

அந்தச் சுருளில் ஒரு படத்தை மட்டும் சட்டென்று தள்ளிவிடுவேன். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளன். ஆயுசு முழுக்கத் திருடிவிட்டு, சாகிற நேரத்தில் என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்டான். உடனே பரதீசு கிடைத்துவிட்டது. கையும் காலும் ஆணியில் இருக்க அவன் என்ன நல்ல காரியம் செய்தான்? உள்ளதைச் சொல்கிறேன், அவன்மேல் எனக்கு வயிற்றெரிச்சல்.

இனி பாப்பாயி. என் அறைக்கு வேலி அடுத்த குடிசை அவளுடையது. என் வயதுதான் இருக்கும். புருஷன் காப்பித் தோட்டத்து வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. கொஞ்சம் சாமைக்காடு, ஒரு கறுப்பு ஆடு, அவ்வளவுதான் அவளுக்கு. நோயாளிகளுக்கு ஆகும் என்று நான் அவரைக்கொடி போட்டிருந்தேன்; அது அந்த ஆட்டுக்குத்தான் ஆயிற்று. ஒருநாள் கல்லை விட்டெறிந்தேன். ஆடு நொண்டிக்கொண்டே போயிற்று. பாப்பாயி வேலியோரம் வந்து, “ஏனுங் நர்சம்மா, நோவு பார்க்க வந்தீங்களா, நோவு குடுக்க வந்தீங்களா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. நான் பாடம் சொல்லும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் சாமை குத்துவாள்.

மழை ஓய்ந்த சமயம் துரையும் அம்மாளும் கம்பவுண்டரோடு தேவனூர் நாட்டுக்கு முகாம் போனார்கள். ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் இருந்தேன். அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் குளிர், எத்தனை கம்பளி போட்டாலும் பல் கிட்டுகிற குளிர். பிறகு சூடு. எழுந்து ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கப் போனவள் வாசற்படியிலேயே விழுந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பாப்பாயி ஆட்டைத் தேடி வந்திருக்கிறாள், அனேகமாக இன்னொரு சண்டைக்குத் தயாராக. என்னைப் பார்த்ததும் தூக்கிக் கட்டிலில் போட்டிருக்கிறாள். கண் விழித்தபோது அவள் கை என் மூக்கைப் பிடித்திருந்தது. வாய் திறந்தேன். கொயினா இறங்கியது. என் மருந்து, என் பாட்டில், என் முறை! இரும முடியாமல் இருமினேன். “எப்படி இருக்குது?” என்றாள். மலையில் இருந்த பச்சைக் குழந்தைகள் அத்தனையும் சேர்ந்து கேட்டது போல இருந்தது.

அதன் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று தெரியாது. என் அசிங்கத்தை அவள்தான் துடைத்தாள், துணியை அவள்தான் அலசினாள். ‘ங்க’ போட்டுப் பேசினவள் எப்போது ‘நீ’, ‘கண்ணு’ என்று மாறினாள் என்றும் தெரியவில்லை. சூடு தணிகிற வேளையில் நான் எழப் பார்ப்பேன், அவள் தோளை அமுக்கிப் படுக்கப் போடுவாள். அந்தக் காய்ச்சலில் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் சாகப்போகிறேன் என்றுதான் நம்பினேன். சாவைவிட எனக்குப் பெரிய பயம், தட்டோடு அந்த வரிசையில் போய் நின்று என்ன சொல்வது என்பதுதான். பல நாளாக ஒரு நல்ல காரியமும் இல்லை. செய்ததெல்லாம் இன்னொருத்தியின் இடுப்பை ஒடித்தது.

“பாப்பாயி, இன்னைக்கும் நான் ஒண்ணுமே செய்யல” என்று அழுதேன்.

“காச்சக்காரி என்ன செய்வா? கெட.”

“செத்துப் போனா என்னத்தச் சொல்லுவேன்?”

“யாருகிட்ட?”

“சாமிகிட்ட.”

துணி பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீதான தெனமும் பலாமரத்தடியில கத்துனே, ஒண்ணும் வேண்டாம், சும்மாவே குடுப்பாருன்னு? வேலிக்கு அக்கட்டால உக்காந்தா எனக்குக் காது கேக்காதா? அது எங்களுக்குச் சொன்னதா, உனக்குக் கெடையாதா?”

கோபமாகத்தான் கேட்டாள். ஏமாற்றப்பட்டவளின் கோபம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்குப் பொழுது சாயும்போது, பழக்கதோஷம், வயிறு கவ்வியது. இன்றைக்கு என்ன சொல்வது என்று தேட ஆரம்பித்தேன். காலையிலிருந்து தேடினேன், ஒன்றும் இல்லை. நேற்று, முந்தாநாள், ஒன்றும் இல்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே சாமைக் கஞ்சி வாய்க்கு வந்துவிட்டது. சூடு, உப்பு கொஞ்சம் தூக்கல். அவள் எதையும் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். அதையும் நல்ல காரியம் என்று சொல்ல முடியாது, பசித்தது, திறந்தேன். ஒரு வாய் இறங்கியதும்தான் உறைத்தது: என் ஆயுசில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறேன்.

“எனக்கு எதுக்குச் செய்யறே? உன் ஆட்ட அடிச்சவ நானு” என்றேன்.

“நீ கெடந்தே. வேறென்ன? பேசாம குடி கண்ணு.”

நான் அந்தக் கள்ளனை நினைத்தேன். அவனும் இப்படித்தான் கிடந்திருக்கிறான், கை கால் அசைக்க வழியில்லாமல். அவனால் முடிந்தது பக்கத்தில் இருந்தவரை நம்பி வாயைத் திறந்தது ஒன்றுதான். போதும் என்றாகிவிட்டது. இத்தனை நாளாக நான் தாண்டி ஓடின படத்தில் நானே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எத்தனையோ வருஷமாகத் தலையில் இருந்த தகரப்பெட்டியை யாரோ இறக்கி வைத்தது போல உடம்பு லேசாகிவிட்டது. பாப்பாயி, காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று இன்னொரு முழுங்கு கொயினாவை ஊற்றினாள். அந்தக் கசப்போடுதான் சிரித்தேன். மருமகள் பார்த்த சிரிப்பு அதுதான்.

தேறி வாசலில் வந்து உட்கார்ந்த முதல் நாள் அந்த ஆடு அவரைக்கொடியில் வாய் வைத்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாப்பாயி தலைதெறிக்க ஓடி வந்தாள். “மேயட்டும் விடு” என்றேன். அவள் ஆட்டை விட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “காச்ச இன்னும் உடலியா கண்ணு?” என்றாள்.

அதற்காக வேலையை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. முன்னைவிட நன்றாகச் செய்தேன் என்றே நினைக்கிறேன். முன்பெல்லாம் புண் கழுவும்போது நான் என்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது புண்ணைப் பார்த்தேன். கம்பவுண்டர் வாசலை அவரே கூட்டட்டும் என்று விட்டேன்.

மறுபடி பாடம் தொடங்கியதும் கள்ளன் படத்தை ஆணியில் மாட்டி அப்படியே நிறுத்தினேன். சடையன் பழைய கேள்வியைக் கேட்டார். “சாமி கேக்க வேண்டியதெல்லாம் அவரே குடுத்துட்டாருங்க. நமக்கு வாங்கிக்கறதுதான் பாக்கி” என்றேன். இந்தத் தடவை ஒப்பிக்கவில்லை. பாப்பாயி அன்றைக்கு முதுகைத் திருப்பியிருக்கவில்லை. வேலியைத் தாண்டி வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள். “அப்ப நீ எதுக்கு அந்த ஓட்டம் ஓடுனே?” என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அவள் ஞானஸ்நானம் வாங்கினது நான் கலியாணமாகி மலையிறங்கின பிறகு. பார்த்துவிட்டு வந்த கம்பவுண்டர் சொன்னார். நர்சம்மாவின் எந்தப் பாடத்தைக் கேட்டு நம்பினாய் என்று துரை கேட்டாராம். “பாடமெல்லாம் இல்லீங்க. அவங்க ஒண்ணுக்கும் ஆகாமக் கெடந்தாங்க. நான் கஞ்சி ஊத்தறேன், ஊத்த ஊத்த எனக்கே தோணுச்சு. எனக்கே மனசு வருதுன்னா, சாமிக்கு வராதுங்களா?” என்றாளாம். மலையில் நான் செய்த பிரசங்கங்களில் பலித்தது சும்மா கிடந்தபோது செய்தது ஒன்றுதான்.

ரொம்ப வருஷம் கழித்து பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஓடுகள் சரிந்து உள்ளே புல் முளைத்திருந்தது. பலாமரம் இல்லை, ஆணி எங்கே இருக்கும். பாப்பாயியும் போய்விட்டாள், வேலி இருந்த இடத்தில் யாரோ மிளகுக்கொடி ஏற்றியிருந்தார்கள். அந்தக் காய்ச்சலும் கொயினா பாட்டிலும் இப்போது அங்கே பேச்சளவில் கூட இல்லை. கீழே போர்டிங்கையும் மூடிவிட்டார்கள்.

இவற்றில் சிலவற்றை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனால் காணாமல் போன இன்னொன்றும் இருக்கிறது, சோற்று நேரத்தில் வயிற்றைக் கவ்வும் அந்தப் பயம். அது போனதில் எனக்கு ஒரு பொட்டு வருத்தமும் இல்லை. இதோ, மருமகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். காலையிலிருந்து நான் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை, உங்களோடு வாயடித்ததோடு சரி. தட்டு வைத்தாயிற்றாம். போகிறேன், பசிக்கிறது.