ஓ குறூப்புக்குப் பயமில்லையாம்

கருப்பையில் புற்றுநோய் என்று சொல்லி, அதை எடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்த நாலாம் நாள், இணுவிலிலிருந்து அக்காவும் அத்தானும் பார்க்க வந்தார்கள். அத்தான் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறிப் பென்சன் எடுப்பவர். இளைப்பாறிய பிறகு கைபேசியில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார். கதிரையில் இருந்ததும் நோகுதா என்று கேட்கவில்லை.

"உமக்கு என்ன பிளட் குறூப்?"

"ஏ பொசிற்றிவ்."

தலையை மெல்ல ஆட்டினார். "அதுதான். ஏ குறூப்புக்கு உது வந்தால் கொஞ்சம் கஷ்டமாம். ஓ எண்டால் பயமில்லை. உம்மடை அக்கா ஓ."

தையல் காயாத ஒருத்திக்கு முன்னால் இருந்து நாள் குறிக்க எவ்வளவு படிப்பு வேண்டும் என்று யோசித்தேன். கைபேசியில் நாலு வரி போதும் போலிருந்தது.

தேத்தண்ணி போடப் போன அக்கா, குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"உனக்கு எப்பிடித் தொடங்கினது?"

"தீட்டு நிண்டு ஆறு வருஷத்துக்குப் பிறகு ரத்தம் பட்டது. அடுத்த கிழமையே காட்டினனான்."

அவள் கேத்திலைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கும் படுது. தைப்பொங்கலுக்கு முதலே தொடங்கினது."

அது ஆவணி மாதம்.

"அத்தானிட்டைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். ஓ குறூப்புக்கு உது வராது, உடம்புச் சூடா இருக்கும் எண்டவர்."

அடுத்த நாளே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீண் அலைச்சல் என்று முணுமுணுத்த அத்தானும் கைபேசியோடு கூடவே வந்தார். ஸ்கேன் எடுத்து, சதையைப் பரிசோதித்து, அவளுக்கும் புற்றுநோய்தான் என்று முடிவு வந்த அன்று டொக்டரிடமும் குறூப் கதையைத் தொடங்கினார். அந்த டொக்டர்ப் பிள்ளை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பிடிச் சில ஆராய்ச்சியள் இருக்கு, ஐயா. ஒண்டு சொல்லுறதை மற்றது சொல்லாது. என்ன வகைக் கட்டி, எவ்வளவு தூரம் பரவியிருக்கு எண்டதைத்தான் நாங்கள் பாக்கிறம். குறூப் எங்களுக்கு ரத்தம் ஏத்தத்தான் வேணும்." பிறகு அக்காவிடம் திரும்பினாள். "எப்ப தொடங்கினது, அம்மா?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

என்னுடையது கருப்பையைத் தாண்டவில்லை, சத்திரசிகிச்சையோடு முடிந்தது. அவளுடையது தாண்டியிருந்தது. வெட்டிய பிறகும் மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். இடுப்பளவு கிடந்த தலைமயிர் முழுக்கப் போனது. சோற்று மணமே ஆகாமல் வாரக்கணக்கில் கஞ்சியோடு கிடந்தாள். ஆனால் தப்பிவிட்டாள்.

அத்தானுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. பார்க்க வந்த நீர்வேலிச் சொந்தக்காரருக்கு, "ஓ குறூப் எண்டபடியால்தான் தாங்கினவ" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தலையில் துணி சுற்றியிருந்த அக்கா அறைக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

"நீங்கள் என்னை ஏழு மாசம் பிந்தவைச்சதைத்தான் நான் தாங்கினது. அதையும் சொல்லுங்கோ."

வந்தவர்கள் முற்றத்தைப் பார்த்தார்கள். அவர் கை கைபேசியைத் தேடியது. அந்த நாலு வரிக்கு மேல் அவரிடம் என்றைக்குமே எதுவும் இருந்ததில்லை. அன்றுதான் அது அவருக்கே தெரிந்தது.

இப்போது கிளினிக்குக்கு நாங்கள் இருவரும் ஒரே நாளில் போகிறோம். அவரைக் கூப்பிடுவதில்லை.